எங்கள் யானைகளுக்கு இடம் கொடுத்தவர்களுக்கு

பலமநேர், குப்பம் வட்டாரத்தில் யானைத் தடம் பார்ப்பவர்களுக்கும், நேலப்பட்டு ஏரிக்கரை ஊர்க்காரர்களுக்கும், சேஷாசலம் அடிவாரத்தில் இரவெல்லாம் விழித்திருக்கும் வனக் காவலர்களுக்கும் குடியாத்தத்திலிருந்து ஒருவன் எழுதும் மடல்.



உங்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. குப்பம் சந்தையில் தெலுங்கில் விலை கேட்டு, தமிழில் பேரம் பேசி, கன்னடத்தில் சில்லறை வாங்கலாம் என்பார்கள். பக்கத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் இதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவசரமில்லை. நாற்பது வருடமாகச் சொல்லாமல் விட்ட நன்றி. இன்னும் ஒரு வாரம் தாமதமானால் ஒன்றும் குறைந்துவிடாது.

உங்கள் மலையில் மழை பெய்தால் எங்கள் ஊர்க் கவுண்டன்ய ஆற்றில் தண்ணீர் ஓடும். மோர்தானா அணை நிரம்பிவிட்டால் ஊரில் கொஞ்ச நாளைக்கு அதுதான் பேச்சு. நீங்கள் எங்களுக்குக் கொடுத்தது அந்தத் தண்ணீர். நாங்கள் உங்களுக்குக் கொடுத்தது யானை.

கொடுத்தோம் என்று சொல்வதே அதிகப்படி. 1980கள் வரை ஆந்திரத்தில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகக் காட்டு யானையே இருக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் அடித்த வறட்சியில் ஓசூர், தளி, பன்னார்கட்டா பக்கத்துக் காடுகள் காய்ந்தன. 1984 வாக்கில் ஒரு கூட்டம் கிழக்கே நகர்ந்து குப்பம் பக்கம் இறங்கியது. அதன் வழியைப் பிடித்து அடுத்தடுத்த கூட்டங்கள் வந்தன. காட்டைக் குறைத்ததும் மலையைக் குடைந்து கல் எடுத்ததும் எங்கள் பக்கமும் கர்நாடகத்துப் பக்கமும். ராத்திரியில் வந்து நின்றது உங்கள் கேழ்வரகுக் கொல்லையில்.

யானையைக் காணிப்பாக்கத்துக் கருவறையில் கற்பூரம் காட்டிக் கும்பிட்டுப் பழகிய ஊர்களுக்கு, அது வேலியை மிதித்துக்கொண்டு வரும் என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. நீலகிரியிலோ ஆனைமலையிலோ இருக்கும் சனங்களுக்கு யானையோடு பல தலைமுறைப் பழக்கம் உண்டு; எப்போது ஒதுங்க வேண்டும், எந்தச் சத்தத்துக்கு ஓட வேண்டும் என்று பாட்டன் சொல்லியிருப்பான். உங்களுக்கு அந்தப் பாட்டன் இல்லை. எல்லாவற்றையும் நீங்களே முதலிலிருந்து கற்றுக்கொண்டீர்கள். அதற்குக் கொடுத்த விலை சின்னதல்ல. ஆட்கள் செத்தார்கள். மின்வேலியில் மாட்டி யானைகளும் செத்தன.

ஆனாலும் யானையை விரட்டி எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும் என்று உங்கள் அரசு முடிவெடுக்கவில்லை. 1990 டிசம்பரில் ஏறக்குறைய 358 சதுர கிலோமீட்டர் காட்டைக் கவுண்டின்யா சரணாலயமாக அறிவித்தார்கள். 2003இல் ராயலா யானைகள் காப்பகம் வந்தது. வறட்சிக்குத் தப்பி வந்த விருந்தாளிக்கு நிரந்தர முகவரி கிடைத்தது. கூட்டத்திலிருந்து பிரிந்த சில யானைகள் இன்னும் வடக்கே போய், திருப்பதி மலைக் காடுகள் வரை எட்டிப் பார்த்தன.

அறிவிப்பைக் காகிதத்தில் எழுதுவது எளிது. அந்தக் காடு அகலமில்லாமல் நீண்டு கிடக்கிறது, இரண்டு பக்கமும் வயல். அங்கே யானையை யானையாகவும் மனிதனை உயிரோடும் வைத்திருப்பது உங்கள் வேலை. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பலருக்கு அது தெரியாது.

ராத்திரி யானை இறங்கிய கொல்லைக்கு விடிந்ததும் போகிறீர்கள். மிதிபட்ட தக்காளிச் செடி, பிடுங்கிப் போட்ட குச்சிகள், நசுங்கிக் கிடக்கும் சொட்டுநீர்க் குழாய். விவசாயி கத்துகிறார், அவர் கத்துவதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே தரையைப் பார்க்கிறீர்கள். முன்னங்கால் தடத்தின் சுற்றளவை எடுத்து அதை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். தனியாக வந்த பெரிய ஆணா, குட்டிகளோடு வந்த கூட்டமா என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும். பிறகு சாணம். மேலே காய்ந்து உள்ளே சூடு இருக்கிறதா, வண்டு துளைத்துவிட்டதா, நாரில் கேழ்வரகுத் தாள் இருக்கிறதா, மாங்கொட்டை இருக்கிறதா. விரலால் கிளறிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, இந்நேரம் அது எந்த மேட்டுக்குப் பின்னால் நிற்கும் என்று கையை நீட்டிக் காட்டுவீர்கள். அதைச் செல்போனில் நாலு ஊருக்குச் சொன்னால், அன்று சாயங்காலம் மாட்டை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போக இருந்தவர் போகமாட்டார். அவர் உயிர் பிழைத்தார் என்பது எந்தக் கணக்கிலும் ஏறாது. நடக்காமல் போன சாவை யார் பதிவு செய்கிறார்கள்?

யானைகளின் இடப்பெயர்ச்சியைப் பற்றிச் சென்னையில் பிறந்த ஆர். சுகுமார் போன்றவர்கள் ஆராய்ந்து எழுதினார்கள், உலகம் படித்தது. அந்தப் படிப்புக்குக் குறைவில்லாத இன்னொரு படிப்பு இந்தச் சாணத்தைக் கிளறும் விரலில் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இந்த மடலையே எழுத ஆரம்பித்தேன்.

அந்த யானைக் கூட்டம் எல்லைக்கல்லைப் பார்த்து நடப்பதில்லை. பேரணாம்பட்டு, குடியாத்தம் காடுகளுக்குள் வருகிறது, திரும்பிப் போகிறது. எங்கள் வாழைத் தோப்புக்கு வருமுன் உங்கள் பக்கத்திலிருந்து தகவல் வந்த நாட்களுக்கெல்லாம் சேர்த்து நன்றி. நாங்கள் பல நேரம் உங்கள் பக்கம் விரட்டிவிட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்திருக்கிறோம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நீங்களும் அதையே செய்திருக்கிறீர்கள், அது வேறு விஷயம். 2025 மே மாதம் கர்நாடகம் உங்களுக்கு நான்கு கும்கி யானைகளைத் தந்தது. பலமநேர் பக்கம் முசலிமடுகு முகாமில் அவை இருக்கின்றன. பட்டாசையும் தகரத்தையும் நம்பி இருட்டில் நின்றவர்களுக்கு அது பெரிய தெம்பு. அந்தத் தெம்பு கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம்.

காட்டிலிருந்து கடல் பக்கம் வருகிறேன்.

2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது சூலூர்பேட்டை நெல்லூரை விட்டுத் திருப்பதி மாவட்டத்துக்கு வந்தது. அதனால் ஏழுமலைக் காடும் பழவேற்காட்டு ஏரியும் இன்று ஒரே மாவட்டத்தில். மலையும் கழியும் ஒரே கலெக்டருக்குக் கீழே வருவது எத்தனை இடத்தில் வாய்க்கும்? ஏரியின் பெரும்பகுதி உங்களுடையது. தெற்கு மூலையில் கொஞ்சம் எங்களுடையது. பூநாரைகளுக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியாது. சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையின் இரு பக்கமும் அவை தலையைக் கவிழ்த்துக்கொண்டு சேற்றை அரித்து நிற்பதைக் குளிர்காலத்தில் பார்க்கலாம். ராக்கெட் பார்க்கப் போகிற எங்கள் ஊர்க்காரர்கள் அங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். வடக்கே கொஞ்ச தூரத்தில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் நேலப்பட்டு அவர்கள் கண்ணில் படுவதில்லை.

நேலப்பட்டுக்காரர்களே, உங்கள் ஏரியைப் பற்றி எழுத எனக்குக் கை பரபரக்கிறது. தண்ணீருக்குள்ளேயே நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் அடுக்கடுக்காகக் கூடு. ஐப்பசி மழைக்கு ஏரியில் தண்ணீர் சேர்ந்ததும் கூழைக்கடாக்கள் வந்து இறங்கும். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம் எல்லாம் கூடவே வரும். பெரியவை பழவேற்காட்டுக்குப் பறந்து போய் மீன் பிடித்து, தொண்டைப் பையில் நிரப்பிக்கொண்டு திரும்பும். குஞ்சு வந்து தாயின் அலகுக்குள் தலையையே விட்டுவிடும், கழுத்து வரைக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் தாய் குஞ்சை விழுங்குகிறது என்று பதறுவார்கள். நீங்கள் சிரிப்பீர்கள்.

மரத்தடியில் எச்சம் வெள்ளையாக வழியும். நாற்றம் குடலைப் பிடுங்கும். அந்த எச்சம் கரைந்த தண்ணீர்தான் உங்கள் வயலுக்குப் பாய்கிறது. உர மூட்டைக்குக் கொடுக்கிற காசில் கொஞ்சம் மிச்சம். பறவை உங்களுக்குப் பயன்படுகிறது, அதனால்தான் பாதுகாக்கிறீர்கள் என்று ஒரு படித்த ஆள் என்னிடம் சொன்னார், ஏதோ குறை கண்டுபிடித்துவிட்டதைப் போல. பயன்படுகிறதென்று தெரிந்த எத்தனையோ ஏரியை நாங்கள் மூடிப் பேருந்து நிலையம் கட்டியிருக்கிறோம். பயன் தெரிவது வேறு, அதற்காக ஒரு பருவம் முழுக்கச் சத்தம் போடாமல், கல் எறியாமல், பிள்ளைகளை அதட்டி வைத்து இருப்பது வேறு.

எங்கள் வேடந்தாங்கலிலும் இதே நீர்க்கடம்பு, இதே உரத் தண்ணீர்க் கணக்கு. அங்கே ஊர்க்காரர்கள் பறவையைச் சுடக்கூடாது என்று வெள்ளைக்காரக் கலெக்டரிடம் போய் 1798இலேயே எழுதி வாங்கியவர்கள். சிவகங்கைச் சீமையில் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. உங்கள் பக்கத்து வெதுருப்பட்டில் சங்குவளை நாரைகள் ஊருக்கு நடுவிலேயே மரங்களில் கூடு கட்டுகின்றன. இந்த ஊர்களெல்லாம் ஒரே சொந்தக்காரர்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். நேலப்பட்டைச் சரணாலயம் என்று அரசு அறிவித்தது 1976இல். அதற்கு முன்னால் காத்தவர்கள் யார்?

ஒரு ஊர் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உங்கள் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. 1946இல் கே.கே. நீலகண்டன் மேற்கு கோதாவரி மாவட்டத்து ஆரேடு கிராமத்தில் கூழைக்கடாக்களின் பெரிய குடியிருப்பு ஒன்றைக் கண்டு எழுதினார். 1970களில் அது காலியாகிவிட்டது. உலகத்தில் இந்தப் பறவை கூடு கட்டும் இடங்கள் இந்தியா, இலங்கை, கம்போடியா என்று விரல் விட்டு எண்ணக்கூடிய நாடுகளில்தான். அதில் ஒன்று உங்கள் ஊர் ஏரி என்பதை வெளியூர்க்காரன் வந்து சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கம் நடக்கும் பூநாரைத் திருவிழா மேடையில் சொல்கிறவர்கள் வழக்கமாக அமைச்சர்களுக்கு நன்றி சொல்லவே நேரம் போதாமல் இறங்கிவிடுகிறார்கள்.

திரும்பவும் மலைக்கு. காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிடாமல் வந்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் விடமாட்டார்கள். உயிரோடு இருக்கிற தங்கப் பல்லி உங்கள் திருமலைப் பாறை இடுக்கில் இருக்கிறது. ஈரமும் நிழலும் உள்ள பாறை வெடிப்பில், ஓடைக்குப் பக்கத்தில், ராத்திரியில் வெளியே வரும். பல பெண் பல்லிகள் ஒரே பாறையில் முட்டைகளை ஒட்டி வைக்கும். 1870இல் பெட்டோம் என்ற ஆங்கிலேயர் இதை முதலில் பதிவு செய்தார். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் பேச்சில்லை. 1980களின் நடுவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஜே.சி. டேனியல் குழு திரும்பக் கண்டது. டேனியல் நாகர்கோவில்காரர். பின்னால் வேலூர்ப் பக்கத்துப் பாறைகளிலும் அந்தப் பல்லி தென்பட்டது. அதன் ஒரே பங்காளி இனம் இலங்கையில் இருக்கிறது.

உங்களுக்கு அண்டை மாவட்டமான கடப்பையில் 1986இல் நடந்ததை எங்கள் இளைஞர்களுக்கு நான் அடிக்கடி சொல்வேன். 1900க்குப் பிறகு யாரும் பார்க்காத, அழிந்தே போய்விட்டது என்று கைவிடப்பட்ட ஒரு பறவை. ஜெர்டான் பெயரில் வழங்குவது; உங்கள் தெலுங்கில் கலிவிக்கோடி. ஆராய்ச்சியாளர் பரத் பூஷண் படத்தைக் காட்டி ஊர் ஊராகக் கேட்டார். ரெட்டிப்பல்லி பக்கத்தில் ஐத்தண்ணா என்ற பறவை பிடிக்கிறவர் அதை உயிரோடு பிடித்து வந்தார். எண்பது வருடமாக இல்லாத பறவை புதர்க்காட்டில் அங்கேயே இருந்திருக்கிறது. தெரிந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பிறகு லங்கமலைக்குச் சரணாலயம் வந்தது. அந்தக் காடு வழியாக வரவிருந்த கால்வாயின் பாதையையே அந்தப் பறவைக்காக மாற்றினார்கள். ஐத்தண்ணாவின் பெயர் ஏட்டில் நின்றுவிட்டது, அது நல்ல காலம். காட்டில் வழி காட்டிய எத்தனையோ பேர் பெயர் நிற்கவில்லை. ஏனாதிகள், இருளர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், தேன் எடுக்கிறவர்கள். ஆய்வுக் கட்டுரையின் கடைசி வரியில் ‘உள்ளூர் மக்களுக்கு நன்றி’ என்று மொத்தமாகப் போட்டு முடித்துவிடுவார்கள். உங்களுக்குச் சேர வேண்டிய அந்த நன்றியைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க எனக்கு வழியில்லை, மனசு மட்டும் இருக்கிறது.

பழைய சித்தூர் மாவட்டத்து ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியையும் விட்டுவிட முடியாது. வறண்ட அந்தப் பள்ளத்தாக்கில் மரம் வளர்த்து, 1991இல் அதைப் பறவைக் காப்பிடமாக அறிவித்தார்கள். அங்கே எஸ். ரங்கசாமியும் எஸ். ஸ்ரீதரும் தொடங்கி வைத்த பறவைப் படிப்பைச் சென்னையிலிருந்து போன வி. சாந்தாராம் வளர்த்தெடுத்தார். தபால் வழியாகவே நாடு முழுக்கப் பறவை பார்க்கச் சொல்லிக் கொடுத்த இடம் அது.

இனி சொல்லப்போவது சங்கடமான விஷயம். நன்றி மடலில் இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

செம்மரம் உலகத்தில் உங்கள் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென் பகுதியில்தான் இயற்கையாக வளர்கிறது. கல்லும் வெயிலும் உள்ள சரிவில், மெதுவாக, பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டு. அதை வெட்ட வருகிற கூலிகள் பெரும்பாலும் எங்கள் ஆட்கள். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சித்தேரி மலைக் கிராமங்களிலிருந்து முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போகிறார்கள். 2013 டிசம்பரில் உங்கள் வன அலுவலர்கள் இரண்டு பேர் அந்தக் காட்டில் அடித்துக் கொல்லப்பட்டார்கள். 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலத்தில் எங்கள் ஆட்கள் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டதை நான் ஒருபோதும் நியாயம் என்று சொல்லமாட்டேன். அந்த இருபது வீட்டுக்கும் இன்னும் பதில் சொல்லப்படவில்லை. மரத்தை வாங்கிக் கப்பலேற்றியவன் எந்த ஊரிலோ மெத்தையில் தூங்குகிறான். அவனுக்காக ஒரு பக்கம் கோடாலி பிடித்தவனும் மறுபக்கம் தடி பிடித்தவனும் செத்தார்கள். இருவருமே பிழைப்புக்காகக் காட்டுக்கு வந்தவர்கள்.

அதனால்தான் அடிவார முகாம்களில் தகரக் கொட்டகையில் ராத்தங்கும் காவலர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் மேல் எங்களுக்குக் கோபம் இருந்த காலத்திலும் நீங்கள் காத்தது எங்களுக்கும் சேர்த்துத்தான். உங்களில் பலர் ஒப்பந்தக் கூலிகள், சம்பளம் நாள் தள்ளி வருகிறது என்பதும் தெரியும். அதைச் சரி செய்யாமல் எந்த அரசும் காட்டைக் காத்ததாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

கடைசியாக, இதைப் படிக்கிற தமிழர்களுக்கு இரண்டு வார்த்தை. நாம் வருடா வருடம் திருப்பதிக்குப் போகிறோம். 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஒரு குழந்தையைச் சிறுத்தை கொன்றது. அதிலிருந்து வனத்துறை ஆட்கள் அந்தப் படிக்கட்டின் இரு பக்கமும் கேமரா வைத்து, கூண்டு வைத்து, இருட்டில் காவல் நிற்கிறார்கள். அவர்கள் ‘கூட்டமாகப் போங்கள், பிள்ளையை நடுவில் விடுங்கள், தின்பண்டத்தை எறியாதீர்கள்’ என்றால் மொழி புரியாததைப் போல நடந்து போகாதீர்கள். இரவில் பாதையை மூடினால் சண்டை போடாதீர்கள். மார்கழி, தை மாதத்தில் போகிறவர்கள் திரும்பும் வழியை ஒரு நாள் மாற்றி, காளஹஸ்தி, நாயுடுப்பேட்டை வழியாக நேலப்பட்டில் இறங்குங்கள். சத்தம் போடாமல் பாருங்கள். கரையில் நிற்கும் காவலாளியிடம் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லி நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆற்றின் கீழ்க்கரையில் இருப்பவன்,
குடியாத்தம்